சோதனை விமானியாகி விண்வெளிக்குப் போவது: ரெயூனியன் பையனுக்கு வழி எது?

மல்லிகா_சென்ஆந்த்ரே கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சென் ஆந்த்ரேயில் எங்கள் தமிழ் வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் லிசேயில் (மேல்நிலைப் பள்ளி) பிரமியேர், அதாவது கடைசி வகுப்புக்கு முந்தைய வகுப்பு, படிக்கிறான். கணக்கும் இயற்பியலும் சிறப்புப் பாடங்கள். விமானத்துறை அறிமுகச் சான்றிதழான பிஐஏவைப் போன வருடமே வாங்கிவிட்டான். விமானப்படையில் சேர வேண்டும், சோதனை விமானியாக வேண்டும், அங்கிருந்து விண்வெளி வீரராக வேண்டும் என்பது அவன் போட்டிருக்கும் கணக்கு. அவன் அம்மாவோ, "புது விமானத்தை முதன்முதலாக ஓட்டுகிறவன் உயிரோடு சூதாடுகிறவன்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

எனக்குப் புரியாதது இதுதான்: பிரெஞ்சு விண்வெளி வீரர் தொமா பெஸ்கே ஏர் பிரான்சில் பயணிகள் விமானம் ஓட்டியவர், சோதனை விமானி இல்லை. அப்படியிருக்க இந்தச் சுற்றுவழி எதற்கு? சோதனை விமானி என்னதான் செய்கிறார்? இந்தத் தீவிலிருந்து புறப்படுகிறவன் முதலில் படிப்பைப் பார்க்க வேண்டுமா, பட்டாளத்தைப் பார்க்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிஸ்த்ரால் எழுதியது:

அக்கா, அம்மாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். சோதனை விமானியின் வேலையில் முக்கால்வாசி அளவெடுப்பது. மீதியில் பெரும்பகுதி அறிக்கை எழுதுவது.

ஏறுவேகச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விமானம் எந்த வேகத்தில் பறந்தால் மிகச் சீக்கிரம் உயரம் ஏறும் என்று கண்டுபிடிக்க வேண்டும். 1,000 அடி கனமுள்ள ஓர் உயர அடுக்கைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குக் கொஞ்சம் கீழேயே வேகத்தை நிலைநிறுத்திக்கொண்டு ஏறி, அடுக்கைக் கடக்க எத்தனை விநாடி ஆனது என்று குறிப்பார்கள். பிறகு இறங்கி வந்து, வேகத்தை 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) கூட்டி மறுபடி ஏற்றம். உயரத்தை வரைந்தால் ரம்பப் பல் மாதிரி வரும். இந்தச் சோதனைக்குப் பெயரும் அதுதான். காற்றுக்குக் குறுக்காகப் பறக்க வேண்டும், ஒவ்வொரு வேகத்தையும் எதிரெதிர்த் திசையில் இரண்டு தடவை எடுக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்றின் வேகம் மாறுவதால், இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அந்த மாற்றமே ஏற்றத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். எரிபொருள் கரையக் கரைய எடையும் குறைகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் தொட்டியில் எவ்வளவு இருந்தது என்று குறிக்க மறந்தால் அன்றைக்குப் பறந்தது வீண். வேகமுள் 2 நாட் அலைந்தாலே அந்தப் புள்ளியைத் தள்ளிவிட்டுத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். சினிமாக்காரன் படம் எடுக்க விரும்பாத வேலை!

ஆபத்தானது ஃபிளட்டர் சோதனை. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இறக்கையின் வளைவும் முறுக்கமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கத் தொடங்கும்; சில விநாடியில் இறக்கையே பிய்ந்துவிடலாம். அதனால் வேகத்தைச் சிறு சிறு படியாகவே கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் விமானி கைப்பிடியைச் சட்டென்று தட்டிவிடுவார், அல்லது ஒரு கருவி இறக்கையை அதிரவைக்கும். அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது டெலிமெட்ரி எனும் ரேடியோ வழியில் தரைக்குப் போகும். அங்கே பொறியாளர் பார்த்து "அடுத்த புள்ளி" என்று சொன்னால்தான் வேகம் கூடும். சில அமைப்புகளில் அடங்கும் திறன் கடைசிச் சில நாட் வேகத்துக்குள் சடாரென்று விழும். விமானி இருக்கையில் உட்கார்ந்து இதை உணர முடியாது. உணரும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே படியைத் தாண்டுகிற விமானியை வீரன் என்று யாரும் மெச்ச மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

விமானம் சுழன்றபடியே விழுவதிலிருந்து மீள்கிறதா என்று பார்க்கும் சுழல் விழுதல் சோதனைக்கு வாலில் ஒரு பாராசூட் கட்டியிருக்கும். எந்த உயரத்துக்குக் கீழே வந்தும் சுழல் நிற்கவில்லையென்றால் அதை விரிப்பது, அதற்கும் கீழே எந்த உயரத்தில் வெளியே குதிப்பது என்று இரண்டு எண்கள் புறப்படும் முன்பே தாளில் இருக்கும். ஆகாயத்தில் யோசிக்க விடக் கூடாது என்பதற்காகத்தான் அது. விரிந்த பாராசூட்டைக் கழற்றிவிட முடிகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். கழறாவிட்டால் சுழலிலிருந்து தப்பியும், அதை இழுத்துக்கொண்டு பறக்க முடியாமல் விழ வேண்டியதுதான்.

இன்னொரு கருவி கூப்பர்–ஹார்ப்பர் அளவுகோல். 1969இல் வந்தது, இன்றும் அதுதான். விமானம் கைக்கு எப்படி இருக்கிறது என்பதற்கு 1 முதல் 10 வரை மதிப்பெண். 1 மிக நல்லது, 10 கட்டுப்பாடே போய்விடும். எண்ணை நேராகச் சொல்லக் கூடாது. மூன்று கேள்விகளைப் படியேறி வர வேண்டும்: கட்டுப்படுத்த முடிகிறதா? தாங்கக்கூடிய உழைப்பில் போதுமான துல்லியம் கிடைக்கிறதா? எதையும் திருத்தாமலே திருப்தியா? புதியவர்கள் தவறுவது இங்கேதான். "5 கொடுக்கலாம்போல இருக்கிறது" என்று எண்ணை முதலில் பிடித்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடுவார்கள். எந்த வேலைக்கு, எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முன்கூட்டி வரையறுக்காமல் கொடுத்த எண் பொறியாளருக்குக் குப்பை.

அம்மாவிடம் ஆபத்தே இல்லை என்று சொல்லாதீர்கள், அது பொய். அளவெடுத்துக் குறைத்த ஆபத்து என்று சொல்லுங்கள்.

பழைய_ராக்கெட் எழுதியது:

மிஸ்த்ரால் சொன்னதற்கு மேல் கொஞ்சம் சரித்திரம். சோதனை விமானிதான் வேண்டும் என்ற பிடிவாதம் 1959இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆட்களை விண்வெளிக்கு அனுப்பும் முதல் அமெரிக்கத் திட்டமான மெர்க்குரிக்கு 40 வயதுக்குள், 5 அடி 11 அங்குலத்துக்குள், பட்டப்படிப்பு அல்லது அதற்கு ஈடான தகுதி, சோதனை விமானிப் பள்ளிச் சான்று, 1,500 மணி நேரப் பறப்பு, ஜெட் ஓட்டும் தகுதி என்று கேட்டார்கள். 508 பேரின் கோப்புகளைப் பார்த்ததில் 110 பேர் தேறினார்கள், கடைசியில் 7 பேர். சோவியத்தில் அந்தப் பிடிவாதம் இல்லை. ககாரின் சாதாரணப் போர் விமானி.

அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் கிடைத்த நாள் 1966 மார்ச் 16. ஜெமினி 8இல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் அஜீனா என்ற ஆளில்லாக் கலத்தோடு இணைந்த சிறிது நேரத்தில் இரண்டும் சேர்ந்து உருளத் தொடங்கின. தப்பு அஜீனாவில்தான் என்று நினைத்துப் பிரிந்தார்கள். பிரிந்ததும் சுழற்சி இன்னும் மோசமானது. ஜெமினியின் 8ஆம் எண் உந்துகருவிதான் திறந்தபடி சிக்கியிருந்தது; அஜீனாவின் பாரம் விலகியதும் அதே உந்துதல் இலேசான கலத்தை வேகமாகச் சுழற்றியது. விநாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு சுற்று. கண் மங்கி நினைவு தப்புகிற நிலை. ஆம்ஸ்ட்ராங் அந்த உந்துகருவித் தொகுதி முழுவதையும் அணைத்துவிட்டு, பூமிக்குத் திரும்புவதற்கென்று தனியாக வைத்திருந்த தொகுதியால் சுழற்சியை நிறுத்தினார். அதைத் தொட்டுவிட்டால் உடனே தரையிறங்க வேண்டும் என்பது விதி. ஆகவே பயணம் பாதியில் முடிந்தது. முதல் ஊகம் தப்பாகப் போனபோதும் அடுத்த அடி தயாராக இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 1977 அக்டோபர் 26, நாசாவின் விண்வெளி ஓடமான ஷட்டிலின் சோதனை வடிவம் எண்டர்பிரைஸ், கடைசித் தனிப்பறப்பு. விமானி ஃபிரெட் ஹெய்ஸ் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் முதன்முறையாகக் கான்கிரீட் ஓடுபாதையில் இறங்குகிறார். வேகம் கொஞ்சம் கூடுதல். குறித்த இடத்திலேயே சக்கரம் பதிய வேண்டும் என்ற முனைப்பு. மூக்கு மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. அவர் திருத்தத் திருத்த ஆட்டம் பெருகியது. ஷட்டிலில் மூக்கைத் தூக்குவதும் பக்கவாட்டில் சாய்ப்பதும் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் அதே எலவான் பலகைகள். மூக்குக்கான கட்டளைகளே அவற்றின் வேக எல்லையைத் தின்றுவிட்டன. சாய்வுக்கான கட்டளை தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஓடம் ஒருமுறை துள்ளியது. கைப்பிடியைத் தளர்த்தியதும் தானாக அடங்கியது. பிறகு நாசா ஒரு எஃப்-8 விமானத்தில் வேண்டுமென்றே கணினித் தாமதத்தைக் கூட்டிக் குறைத்துப் பறந்து பார்த்து, ஷட்டில் மென்பொருளுக்கு ஒரு வடிகட்டி தயாரித்தது. அந்தக் கோளாறோடு விண்வெளியிலிருந்து முதல் தடவை திரும்பி வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள்.

அம்மா கேட்டால் மறைக்காமல் மைக்கேல் ஆடம்ஸின் கதையையும் சொல்லலாம். 1967 நவம்பர் 15, எக்ஸ்-15 ராக்கெட் விமானம். 81 கிலோமீட்டர் உயரம் போனார். ஒரு பரிசோதனைக் கருவியிலிருந்து வந்த மின் இடையூறு கட்டுப்பாட்டு அமைப்பைப் பாதித்தது. பலகையில் இருந்த ஒரே முள் ஒரு நிலையில் சாய்வையும் இன்னொரு நிலையில் பக்கச் சறுக்கலையும் காட்டும். சாய்வைச் சறுக்கல் என்று படித்துவிட்டார் என்பதுதான் விசாரணையின் முடிவு. திருத்தம் எதிர்த்திசையில் போனது. மாக் 5இல், அதாவது ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில், சுழல். விமானம் உடைந்தது. விண்வெளி வீரர் சின்னம் அவர் இறந்த பிறகு கொடுக்கப்பட்டது. ஒரே முள்ளுக்கு இரண்டு வேலை கொடுக்காதே என்பது இன்று விமானி அறை வடிவமைப்பில் பாலபாடம்.

பிரான்ஸ் கதை வேறு. முதல் பிரெஞ்சு விண்வெளி வீரர் ழான்-லூ க்ரேத்தியன் விமானப்படைச் சோதனை விமானி. தென் பிரான்சின் இஸ்த்ர் தளத்தில் மிராஜ் எஃப்1 போர் விமானத்தைச் சோதித்தவர். 1982 ஜூனில் சோயுஸ் டி-6இல் போனார். அடுத்தவர் பாத்ரிக் போத்ரி, அவரும் சோதனை விமானி. 1985இல் டிஸ்கவரி ஷட்டிலில். எண்பதுகளில் பிரான்ஸ் எர்மேஸ் என்ற சொந்த விண்விமானத்தைத் திட்டமிட்டது, அதை ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. ழான்-பியேர் எஞ்ஞரே, மிஷேல் தொஞினி, லெயோபோல் எய்யார்ட்ஸ் எல்லாரும் அந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட சோதனை விமானிகள். 1992இல் எர்மேஸ் கைவிடப்பட்டது. ஓட்டுவதற்கு ஓடம் இல்லாதபோது ஓட்டுநர்களை மட்டும் எடுக்க வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. பெஸ்கே வந்தது அதற்குப் பிந்திய காலம். அக்கா கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

சிவகுமார்_ரோஸ்ஹில் எழுதியது:

மொரீஷியசிலிருந்து ஒரு குறுக்குக் கேள்வி. இப்போது கலங்கள் தானே போய்த் தானே இணைகின்றன. அப்படியானால் இந்தப் படிப்பு வழக்கொழிந்ததுதானே? இன்னொன்று, எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா? விமானப்படையே இல்லாத நாடு நம்முடையது.

பழைய_ராக்கெட் எழுதியது:

ஒழியவில்லை தம்பி, இடம் சுருங்கிவிட்டது. புதிய கலத்தின் முதல் ஆள் பயணத்துக்கு இன்னும் அவர்களைத்தான் தேடுகிறார்கள். 2020இல் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தின் முதல் ஆள் பயணத்தில் போன டக் ஹர்லி கடற்பிரிவுச் சோதனை விமானி. கூடப் போன பாப் பென்கன் விமானப்படையின் சோதனைப் பொறியாளர். 2024 ஜூனில் போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது 28 சிறு உந்துகருவிகளில் 5 நின்றுபோயின. கடற்படைச் சோதனை விமானி புட்ச் வில்மோர் கையால் பிடித்துக்கொண்டிருக்க, தரையில் இருந்தவர்கள் கருவிகளைத் திரும்ப இயக்கினார்கள், நான்கு உயிர்பெற்றன. உந்துகருவிகள் அடைந்திருந்த கூண்டுக்குள் வெப்பம் ஏறி, வால்வின் டெஃப்லான் அடைப்பு உப்பி உந்துபொருள் வழியைக் குறுக்கியது என்பது பிறகு தரைச் சோதனையில் தெரிந்தது. கலத்தை ஆளில்லாமல் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தியாவின் ககன்யானுக்கு 2024 பிப்ரவரியில் அறிவித்த நால்வரும் விமானப்படைச் சோதனை விமானிகள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் ஆக்ஸியம் 4 என்ற தனியார் பயணத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்துவிட்டார். அந்த வழி இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்.

மொரீஷியஸ் ஐரோப்பிய விண்வெளி முகமையில் உறுப்பு நாடு இல்லை. உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமை இருந்தால்தான் விண்ணப்பம் செல்லும். பிரெஞ்சு அல்லது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வைத்திருக்கிற மொரீஷியர் போடலாம். ரெயூனியன் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே இருக்கும் அனுகூலம் அது. 200 கிலோமீட்டர் கடல்தான் வித்தியாசம்!

ப்ரெப்பா_வாத்தியார் எழுதியது:

மல்லிகா அம்மாவின் கடைசிக் கேள்விக்கு நடைமுறையாகச் சொல்கிறேன்.

2021இல் ஐரோப்பிய முகமை ஆள் எடுத்தபோது கேட்டது: அறிவியல், பொறியியல், மருத்துவம், கணிதம், கணினி இவற்றில் முதுகலைப் பட்டம், அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சோதனை விமானி அல்லது சோதனைப் பொறியாளர் தகுதி. அந்த "அல்லது" தான் பையனுடைய திட்டத்துக்கு ஆதாரம். அதற்கு மேல் 3 வருட வேலை அனுபவம், நல்ல ஆங்கிலம், 50 வயதுக்குள், உயரம் 150 முதல் 190 சென்டிமீட்டர், தனியார் விமானிக்கான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று. 22,500க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, மூன்றில் ஒரு பங்கு பிரான்சிலிருந்து. ஆறு சுற்று, சுமார் ஒன்றரை வருடம். 2022 நவம்பரில் முழுநேரத்துக்கு 5 பேர், இருப்புப் பட்டியலில் 11 பேர் என்று அறிவித்தார்கள். ஐவரில் ஒருவர்தான் சோதனை விமானி: சோஃபி அதனோ.

பையனுக்கு முதலில் சொல்ல வேண்டியது, ஆள் எடுப்பு எப்போதாவதுதான் நடக்கிறது என்பதை. இதுவரை 1978, 1992, 2008, 2021. இடைவெளி 13 முதல் 16 வருடம். கதவு திறக்கும்போது கையில் முழுத் தகுதியும் இருக்க வேண்டும்; "இன்னும் இரண்டு வருடத்தில் முடித்துவிடுவேன்" என்பது அங்கே செல்லாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் தனியாகப் பிழைக்கக்கூடிய தொழிலாகப் பார்த்து நகர வேண்டும்.

விமானப்படைக்குள் நுழைய இரண்டு வாசல். பாக்கலோரியா எனும் பள்ளியிறுதித் தேர்வை முடித்ததும் ஒப்பந்த அடிப்படையில் பறக்கும் அதிகாரி மாணவனாகச் சேர்வது ஒன்று. சீக்கிரம் விமானி இருக்கையில் உட்காரலாம், ஆனால் கையில் பட்டம் இருக்காது. பிறகு சோதனைப் பள்ளி கிடைக்காமல் போனால் விண்ணப்பிக்க எதுவும் மிஞ்சாது. இன்னொன்று, போட்டித் தேர்வுக்குத் தயார்செய்யும் அறிவியல் ப்ரெப்பா வகுப்பு இரண்டு வருடம், அதன் பிறகு தேர்வெழுதி சலோன்-த-ப்ரோவான்ஸில் உள்ள விமானப்படைக் கல்லூரி. மூன்று வருடத்தில் பொறியாளர் பட்டத்தோடு அதிகாரி. ப்ரெப்பாவுக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை, சென் தெனியில் லெகோந்த் தெ லீல் லிசேயிலேயே உண்டு. நான் இரண்டாவதையே சொல்வேன். கணக்கில் நல்ல பையன் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

பறக்கும் பயிற்சி கொஞ்யாக் ஊரில் பிசி-21 பயிற்சி விமானத்தில். அங்கிருந்து போர் விமானம், போக்குவரத்து, ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். பிரிப்பது மதிப்பெண்ணும் படையின் தேவையும் சேர்ந்து, விருப்பம் மூன்றாவது. படைப்பிரிவில் பல வருடம் பறந்தவர்களிலிருந்து மட்டும்தான் இஸ்த்ரில் இருக்கும் எப்னெர் என்ற சோதனை விமானிப் பள்ளிக்கு ஆள் எடுப்பார்கள். படிப்பு கிட்டத்தட்ட ஒரு வருடம். ராணுவத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஐரோப்பிய விதிப்படி வணிக விமானி உரிமம், கருவிப் பறப்புத் தகுதி, 1,000 மணி நேரம், அதில் 400 மணி விமானத்தலைவராக. சொந்தப் பணத்தில் அந்தப் பள்ளிக்குப் போவது பற்றி நினைக்கவே வேண்டாம், ஏதாவது நிறுவனம் அனுப்பினால்தான்.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற ஒன்று: அந்தப் பள்ளியின் பெயரிலேயே 'எசே', 'ரெசெப்சியோன்' என்று இரண்டு வேலை இருக்கிறது. புதிய வடிவமைப்பின் எல்லையைத் தேடுவது முதலாவது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு விமானமும் சொன்னபடி இருக்கிறதா என்று பறந்து பார்த்துக் கையெழுத்திடுவது இரண்டாவது. விண்வெளி முகமை கேட்பது முதலாவதை.

மல்லிகா_சென்ஆந்த்ரே எழுதியது:

மிக்க நன்றி. பையன் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தான். அவனுக்குக் கண்ணாடி உண்டு, அதுதான் இப்போது கவலை. பத்தாவது படிக்கும் தங்கையும் பக்கத்திலிருந்து, "ஹெலிகாப்டர் ஓட்டினால் விண்வெளிக்குப் போக முடியாதா?" என்று கேட்கிறாள்.

மிஸ்த்ரால் எழுதியது:

தங்கை கேட்டது சரியான கேள்வி, ஏனென்றால் ஐவரில் ஒருவர் என்று வாத்தியார் சொன்ன அதனோவே ஹெலிகாப்டர்க்காரர். பிரான்சின் முதல் பெண் ஹெலிகாப்டர் சோதனை விமானி. அவருடைய வரிசையைப் பாருங்கள்: 1982இல் பிறப்பு, 2004இல் துலூஸில் சூப்பஏரோ பொறியியல் கல்லூரிப் பட்டம், அமெரிக்காவில் எம்ஐடியில் முதுகலை, கொஞ்ச காலம் ஹெலிகாப்டர் நிறுவனத்தில் விமானி அறை வடிவமைப்பு, 2005இல் விமானப்படை, கரகால் ஹெலிகாப்டரில் தேடல் மீட்பு, 2018இல் இங்கிலாந்தின் போஸ்கோம் டவுன் சோதனைப் பள்ளி, பிறகு கஸோ சோதனை மையம், 2022இல் விண்வெளி முகமைத் தேர்வு. 22 வகை ஹெலிகாப்டர், 3,000 மணி நேரத்துக்கு மேல். பட்டத்துக்கும் தேர்வுக்கும் நடுவே 18 வருடம். ஸ்டார்லைனரில் வில்மோரோடு போன சுனிதா வில்லியம்சும் கடற்படை ஹெலிகாப்டர்ச் சோதனை விமானிதான். பிரான்சில் அந்தப் பயிற்சி தாக்ஸ் ஊரில்.

ஹெலிகாப்டர்ச் சோதனையில் தனியான தலைவலிகள் உண்டு. ஒன்று மட்டும்: எஞ்சின் நின்றால் எந்த உயரத்தில் எந்த வேகத்தில் இருந்தால் பத்திரமாக இறங்க முடியாது என்று ஒரு வரைபடம் போட வேண்டும். சுழலியின் வேகம் விழுவதற்குள் விமானி இடக்கைக் கோலை இறக்க வேண்டும். சோதனை விமானிக்கு எஞ்சின் நிற்கப்போவது முன்பே தெரியும், சாதாரண விமானிக்குத் தெரியாது. அதனால் எஞ்சினைக் குறைத்த பிறகு வேண்டுமென்றே கொஞ்ச நேரம் கை அசைக்காமல் காத்திருந்துதான் அளவெடுப்பார்கள். உயரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்லக் கீழே வருவார்கள்.

கண்ணாடி விஷயம். விண்வெளி முகமைக்குக் கண்ணாடியோடு முழுப் பார்வை இருந்தால் போதும். பட்டாளம் அப்படியில்லை, போர் விமானத்துக்கு அளவுகோல் இறுக்கம். இதை லிசே முடித்துப் போட்டித் தேர்வும் எழுதிய பிறகு தெரிந்துகொள்வதுதான் பெரிய அவலம். இறுதிப் பரிசோதனை பாரிசை அடுத்த க்ளமாரில், பெர்சி ராணுவ மருத்துவமனையில். அதற்கு முன்பே விமானி மருத்துவச் சான்று கொடுக்கும் மருத்துவர் ஒருவரிடம் கண்ணின் பவர், நிறப்பார்வை இரண்டையும் அளந்துகொள்ளச் சொல்லுங்கள். விமானிகளுக்கு லேசர் அறுவை சில நிபந்தனைகளோடுதான் ஏற்கப்படும். பட்டாளத்து மருத்துவரைக் கேட்காமல் யாரும் செய்துகொள்ள வேண்டாம். செய்த பிறகு திருப்ப முடியாது.

கண் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கதை முடியவில்லை. எப்னெர் பள்ளியில் விமானிகளோடு ஒன்றாகவே பறக்கும் சோதனைப் பொறியாளர்களும் படிக்கிறார்கள், விண்வெளி முகமை இருவரையும் ஒரே வாக்கியத்தில்தான் கேட்கிறது. 2022இல் இருப்பில் எடுக்கப்பட்ட பிரெஞ்சுக்காரர் ஆர்னோ ப்ரோஸ்ட் பறக்கும் சோதனைப் பொறியாளராக இருந்தவர். இருப்பு என்றதும் அலட்சியம் வேண்டாம்: அதே பட்டியலில் இருந்த சுவீடன் சோதனை விமானி மார்கஸ் வான்ட் 2024 ஜனவரியில், முழுநேரத்துக்கு எடுக்கப்பட்ட ஐவருக்கும் முன்னால் போய் வந்துவிட்டார்.

பழைய_ராக்கெட் எழுதியது:

எப்னெர் பேச்சு வந்ததால் ஒன்று. அங்கே படித்த இத்தாலியர் லூக்கா பர்மித்தானோ 2013 ஜூலை 16இல் விண்நடையில் இருந்தபோது தலைக்கவசத்துக்குள் தண்ணீர் ஏறியது. சுமார் ஒன்றரை லிட்டர். எடையில்லாத இடத்தில் தண்ணீர் வடியாது. முகத்தில் ஒட்டிக் கண், மூக்கு, காது என்று பரவும். பார்க்க முடியாமல், சரியாகக் கேட்காமல், பாதுகாப்புக் கயிற்றின் இழுப்பைத் தடவித் தடவிக் காற்றறைக்குத் திரும்பினார். உடையின் தண்ணீர் பிரிக்கும் பம்பில் சிறு துளைகள் அழுக்கால் அடைந்திருந்தன. ஒரு வாரம் முன்பு முந்தைய நடையிலும் கவசத்துக்குள் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பையில் கசிந்திருக்கும் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். வசதியான காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்தியதைத்தான் விசாரணை குற்றம் சொன்னது. பையன் இயற்பியல் பாடத்தில் எதிர்பாராத எண் ஒன்று வந்தால் "கருவிக் கோளாறு" என்று எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளட்டும்.

ப்ரெப்பா_வாத்தியார் எழுதியது:

இந்த வருடம் அவன் செய்யக்கூடியது ஒன்று. சென்த் மாரியிலோ பியர்ஃபோனிலோ பறக்கும் கிளப் பயிற்சிக்குப் போனால், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது ஃபுகாய்டு எனும் மெதுவான ஏற்ற இறக்க அலையைக் காட்டச் சொல்லட்டும். தனியாகச் செய்ய வேண்டாம். நேர்மட்டப் பறப்பில் விமானத்தைச் சமன்படுத்திவிட்டு, மூக்கை இலேசாகத் தூக்கி வேகம் 10 நாட் குறைந்ததும் கைப்பிடியை மெல்ல விட்டுவிட வேண்டும். விமானம் தானாக ஏறி இறங்கி ஏறும். ஒரு முழு அலைக்கு எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தில் எடுப்பது. தியரிப்படி வேகத்தை விநாடிக்கு மீட்டரில் போட்டு 0.45ஆல் பெருக்கினால் விநாடி வரும். விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், அதாவது கிளப் விமானங்கள் பறக்கிற மணிக்கு 180 கிலோமீட்டரில், 22, 23 விநாடி.

எண் அப்படியே வராது. இறக்கை கொஞ்சம் சாய்ந்தாலும், மதிய வெயிலில் மலைப்பக்கம் காற்று கொதித்தாலும் கெட்டுவிடும். காலையில் முதல் பறப்பாக, கடலுக்கு மேலே. தொடைப் பலகையில் முன்கூட்டியே கட்டம் போட்டுக்கொள்ளட்டும்: உயரம், வெப்பம், எரிபொருள், தொடக்க வேகம், ஒவ்வொரு உச்சத்தின் நேரம். கட்டம் போடாமல் போனால் மேலே எழுதுவது ஒன்றும் கீழே படிக்க வராது.

மல்லிகா_சென்ஆந்த்ரே எழுதியது:

கட்டம் போட்டாகிவிட்டது. வெப்பத்துக்கு விமானத்தின் வெளிக் கருவியைப் பார்ப்பதா, தரையின் வானிலைக் குறிப்பையா என்று கேட்கிறான்.

மிஸ்த்ரால் எழுதியது:

விமானத்தின் கருவியை. பறந்த உயரத்தின் வெப்பம்தான் வேண்டும். கண்ணாடிக்கு மேல் சின்ன வட்டமாகச் செருகியிருந்தால், வெயில் நேராக விழாதபோது பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். வெயில் பட்டால் கூடுதலாகக் காட்டும்.